வாரிச் சீவிய கம்பிகள்

"நிறுத்து! எதுல கை வைக்கிறேன்னு தெரிஞ்சுதான் வைக்கிறியா?"

லைல் கோப்கி ஓடி வருவதற்குள், வெளியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் நோரீன் கேபிள்களைச் சேர்த்துக் கட்டிய இன்னொரு பட்டையையும் வெட்டிவிட்டாள். பேனலுக்குள் அணிவகுத்து நின்ற கேபிள்கள் அவிழ்ந்து தொங்கின.

விஸ்கான்சினில் உள்ள அந்தச் சீஸ் ஆலைக்கு யார் வந்தாலும், பராமரிப்பு மேலாளர் லைல் முதலில் கூட்டிப் போய்க் காட்டுவது இந்தப் பேனலைத்தான். மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்கள் அடங்கிய இரும்புப் பெட்டி. போன வருஷம் பக்கத்து ஊர்ப் பட்டறையில் செய்து வந்தது. உள்ளே ஒரு கம்பி பிசகியிருக்காது. எல்லாவற்றையும் ஒன்றாக வாரிச் சீவிப் பின்னல் போட்ட மாதிரி இருக்கும். லைலின் செல்போனில் பேரன் படம்கூட இதற்கு அடுத்ததுதான்.

"நான் உன்னைக் கூப்பிட்டது தராசைப் பார்க்க. தராசு சரியா இருக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பு."

"தராசு சரியாத்தான் இருக்கு."

"அப்ப மாய் மேலதான் தப்பு. விஷயம் முடிஞ்சுது."

ஓடாத கன்வேயர் பக்கத்தில் மாய் ஷியோங் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பதினொரு வருஷமாகத் தராசு அவள் பொறுப்பு. இந்த இரண்டு மாதத்தில் ஐந்து பவுண்டு சீஸ் பைகள் எடை குறைந்து மூன்று முறை திரும்பி வந்துவிட்டன. திங்கட்கிழமை முதல் தொட்டி கழுவப் போகச் சொல்லியாகிவிட்டது.

"மோட்டார் ஓடினா நம்பர் குதிக்குதுன்னு பத்துத் தடவை சொன்னேன்," என்றாள் மாய். "கண்ணாடியை மாத்துன்னீங்க."

லைல் அவள் பக்கம் திரும்பவில்லை. நோரீன் பேனலின் உள்தகட்டில் பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்திருந்தாள்.

"ஐயோ, பெயின்ட்டை ஏன்?"

"மோட்டார் கேபிளுக்கு மேல கம்பி வலை ஒண்ணு சுத்தியிருக்கில்ல, அது முழுசா வெறும் தகட்டைத் தொடணும். இங்க அதை முறுக்கி, எலி வால் மாதிரி நீட்டி, ஒரு ஸ்க்ரூல மாட்டியிருக்கு. பார்க்க அழகு. வேலைக்கு ஆகாது."

"இன்னொருத்தர் கைவேலை நல்லா இருந்தா உனக்குப் பொறுக்காது. பொறாமை, வேறென்ன?"

"இருக்கலாம்." அவள் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"பூட்டை எடு. நான் லைனை ஓட்டணும்."

வேலை முடியும்வரை யாரும் கரண்டைப் போடாதபடி மெயின் சுவிட்சில் நோரீனின் சிவப்புப் பூட்டு தொங்கியது. மாட்டியவர்தான் கழற்றலாம். முதலாளியே வந்து நின்றாலும் அதுதான் விதி.

"ஃபுட்பால்ல நம்ம பேக்கர்ஸ் டீம் தோத்தப்பகூட இப்படிக் கத்தியிருக்க மாட்டீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. மோட்டார் கேபிள்கள் ஒரு ஓரம், தராசுக் கம்பி எதிர் ஓரம். வேறு வழியில்லாத ஓர் இடத்தில் மட்டும் இரண்டும் கூட்டல் குறி போலக் குறுக்கே கடந்தன. சுரண்டிய இடங்களில் பட்டையான இரும்புப் பிடிகள். பேனல் இப்போது தூங்கி எழுந்த தலை மாதிரி இருந்தது.

நோரீன் பூட்டைக் கழற்றினாள்.

"மாய், ஒரு பையை வை. லைல், மோட்டாரை முழு வேகத்துல விடுங்க."

மோட்டார் உறுமியது. தராசில் 5.00.

லைல் குனிந்து பார்த்தார். வேகத்தைக் குறைத்தார், கூட்டினார், நிறுத்தி மறுபடி ஓட்டினார். 5.00. அசையவில்லை.

"மோட்டார் கேபிள் ஓயாம கத்துற ஆளு," என்றாள் நோரீன். "தராசுக் கம்பி காதோட ரகசியம் பேசுற ஆளு. ரெண்டையும் சேர்த்துக் கட்டிப்போட்டா, ரகசியம் எங்க கேக்கும்?"

லைல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மாய், திங்கட்கிழமை நீ உன் இடத்துக்கே வா."

"சரி. கண்ணாடியை நீங்க மாத்திக்குங்க."

லைலுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தக் கோபத்தை யார் மேலாவது இறக்கியாக வேண்டும். பேனல் வயரிங் செய்பவர்கள் கதவின் உள்பக்கம் கையெழுத்துப் போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். கதவில் தொங்கிய வரைபட உறையைத் தூக்கிப் பார்த்தார். கீழே கறுப்பு மையில் ஒரு கிறுக்கல். படிக்க முடியவில்லை.

"கையெழுத்து வேற! வேலை லட்சணம் இது, பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எவனோ ஒருத்தன் அழகு பார்க்கப்போய், இந்தப் பொண்ணோட பதினொரு வருஷத்தைக் குப்பையில போட இருந்தேன்!"

துணியில் தின்னரை ஊற்றினார். "அவன் பேரு என் ஆலையில இருக்கக் கூடாது."

நோரீன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். சட்டைப் பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து மூடியைத் திறந்தாள்.

"அழிக்காதீங்க, லைல். அதுக்குக் கீழே இன்னைக்குத் தேதி போடணும். பேரு அதேதான்."