கட்டைவிரல் பட்ட இடம்

அன்றைக்கு வெயில் அடித்ததா, மேலே குழல்விளக்குதான் எரிந்ததா என்பதில் சந்தேகம் இருக்கிறது. கேமராவின் மேல் கிடக்கும் வெளிச்சம் மட்டும் நிச்சயம். பார்சல் அலுவலகக் கவுண்டரில் கல்யாணப் போட்டோகிராபர் தன் பழைய கேமராவைத் திறந்து வைத்திருக்கிறாள். வெளிநாட்டில் ஒருவர் அதை வாங்குகிறார். சுங்கவரி அதிகம் வந்தால் பார்சலைத் திருப்பிவிடுவேன் என்று முன்பே எழுதிவிட்டார். அதனால் படிவத்தில் ‘பழையது’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாள். ஆனால் நேற்றெல்லாம் உட்கார்ந்து துடைத்து, கம்பெனி அட்டைப்பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

“இதைப் பழசுன்னு அங்க எவன் நம்புவான்? புதுசுக்கு உண்டான வரியத் தீட்டிருவான்க்கா,” என்கிறார் குமாஸ்தா.

“பன்னெண்டு வருஷம் உழைச்சது சார்.”

“மூஞ்சில தெரியலியே.”

அவள் கேமராவைத் திருப்பித் திருப்பி ஒரு கீறலைத் தேடுகிறாள். தன் பொறுப்பான கையை நினைத்து அவளுக்கு முதல்முறையாக வெட்கமாக இருக்கிறது. குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்க்கிறார். அவருடைய கட்டைவிரல் பின்பக்கத்து ரப்பரில் வழுக்குகிறது.

“இங்க மட்டும் ஏன் வழவழன்னு இருக்கு?”

அவள் குனிந்து பார்க்கிறாள். ரப்பரின் சொரசொரப்பு ஒரு விரலளவுக்குத் தேய்ந்து பளபளக்கிறது. தன் விரலை வைக்கிறாள், அச்சாகப் பொருந்துகிறது. இத்தனை வருடம் விரல் மறைத்திருந்ததால் அவள் கண்ணில் படாத இடம்.

“அதையே படம் எடுத்துப் படிவத்தோட வைங்க,” என்கிறார் குமாஸ்தா.

வாங்கியவர் பழைய பொருளுக்கான வரியைக் கட்டி எடுத்துக்கொண்டார். குமாஸ்தா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அவள் இப்போது புதுக் கேமராவில் வேலை செய்கிறாள். அதன் ரப்பர் இன்னும் சொரசொரவென்றுதான் இருக்கிறது.