எதிர் நாற்காலி

விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்தக் கல்லூரியில் மிச்சம் இருந்தது ஒரே இடம். செலினின் கேரம் சான்றிதழ்களைப் புரட்டிய பேராசிரியர், மூலையில் கிடந்த கேரம் போர்டை மேசைமேல் வைத்துப் பவுடர் தூவினார். "வாம்மா, ஒரு ஆட்டம் போட்டுப் பாப்போம்." எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் அடித்த முதல் அடியிலேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வீட்ல யார்கூட ஆடிப் பழகுன?" அவள் குனிந்து குறி பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு காய்கள் அடுத்தடுத்து விழுந்தன. ஐந்தாவது, குழியின் விளிம்பில் நின்றுவிட்டது. தன் முறை வந்ததென்று அவர் கையை நீட்டினார். அவள் கவனிக்கவில்லை. வீட்டுப் பழக்கத்தில் ஸ்டிரைக்கரோடு எழுந்தாள். மேசையைச் சுற்றி நடந்து, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, அவர் எழுந்துகொள்வதற்காகக் காத்து நின்றாள்.