கடைசிச் சட்டி

“என்ரை அம்மாவை வேலைக்காரி எண்டு நினைச்சிட்டீரோ?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜெயமலர் சத்தம் போட்டாள். வெலிமடையில் டீச்சர். காலை பஸ்ஸில் ஏறி, கையில் தோடம்பழப் பையோடு பதுளைக்குத் தம்பி வீட்டுக்கு வந்தவள்.

சத்தம் போட்டதைப் பிழை சொல்ல முடியாது. விறாந்தையில் அவள் கண்ட காட்சி அப்படி. பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துபோன அம்மா வடிவம்மா, அந்தக் கையையும் சேர்த்துக் கொடுத்துப் பூச்சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நடக்கிறாள். தம்பி பெண்சாதி கம்சலா தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கை கொடுக்க வேண்டுமே, ம்ஹூம்.

பக்கத்து வீட்டு ஸவாஹிரா டெலிபோனில் சொன்னபோது ஜெயமலர் நம்பவில்லை. “உங்கட அம்மாவ ஒவ்வொரு நாளும் சட்டி தூக்க வெக்கிறாங்க டீச்சர்.” இப்போது கண்ணாலேயே கண்டாயிற்று.

“இருங்கோ மச்சாள், தேத்தண்ணி போடட்டே?”

“உம்மடை தேத்தண்ணி ஆருக்கு வேணும்! அம்மா, அதைக் கீழை வையுங்கோ. வெளிக்கிடுங்கோ, என்னோடை வெலிமடைக்குப் போவம்.”

வடிவம்மா காது கேளாதவள் போலச் சட்டியை வெயிலில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்க உள்ளே போனாள்.

வீட்டுக்குள் வளர்க்கிற பெகோனியாப் பூச்செடிகளைக் காலை வெயிலில் வைப்பதும், மழை இருள முன்னம் உள்ளே எடுப்பதும் அவளுடைய பழைய வழக்கம். புருஷன் நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தபோது குவாட்டர்ஸில் பழகியது. கை நல்லாயிருந்த காலம் அது.

ஜெயமலரின் பார்வை சட்டிகளுக்குப் போனது. அங்கேயும் ஒரு குற்றம் அகப்பட்டது.

“அம்மாவின்ரை மண்சட்டியள் எங்கை? நமுனுகுலையிலை இருந்து லொறியிலை ஏத்தின மண் எங்கை? எல்லாம் பிளாஸ்டிக்! உள்ளுக்கை ஒரு கறுப்புத் தூள்!”

“அது நீங்கள் அனுப்பின பீட்தான் மச்சாள்.”

பீட் என்றதும் ஜெயமலருக்குக் கோபம் இன்னும் ஏறியது. வெலிமடையில் நாற்றுப் போடுகிறவர்கள் மண்ணுக்குப் பதிலாக வாங்குகிற, சதுப்பு நிலத்து மக்கல் தூளான பீட் மூட்டை ஒன்றை வாங்கி பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னவள் கம்சலாதான். ‘படுக்கையிலை கிடக்கிற மனுசிக்கு மருந்து வேணும் எண்டு கேட்டாளோ? பூமரத்துக்குப் பீட் வேணுமாம், பீட்!’ என்று ஜெயமலர் ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

“சும்மா மண் காணாதோ? தும்புத்தூள் காணாதோ? வெளிநாட்டுப் பீட்தான் வேணுமோ மகாராணிக்கு?”

கம்சலா உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அந்த முதல் சட்டியை ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ.”

ஜெயமலர் கோபத்தில் முழுப் பலத்தோடு தூக்கினாள். சட்டி மூக்கில் வந்து இடித்தது.

“இதென்ன, பாரமே இல்லை!”

“பீட்டும் உமிக்கரியும் மட்டும்தான். தனிப் பீட் எண்டால் தண்ணியைப் பிடிச்சு வைச்சுப் பாரமாப் போகும், வேரும் அழுகும். அதுதான் பாதிக்குப் பாதி கரி. பீட்டின்ரை புளிப்புக்கு, தேயிலைக்குப் போடுற டொலமைட் சுண்ணாம்புத்தூள் கொஞ்சம். இப்ப மற்றதைத் தூக்குங்கோ.”

மற்றது கொஞ்சம் பாரம். அதற்கடுத்தது இன்னும் பாரம்.

“அதிலை ஒரு சிரட்டை ஆத்துமணல். அங்காலை இருக்கிறதிலை ரெண்டு சிரட்டை. அப்பிடியே கூட்டிக்கொண்டு போறன்.”

“ஏன்?”

“ஆஸ்பத்திரியிலை மணல் பை ஒண்டைத் தந்து அந்தக் கையாலை தூக்கிப் பழகச் சொன்னவை. ‘நானென்ன நேர்சரிப் பிள்ளையோ?’ எண்டு மாமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டா. இப்பிடியே விட்டால் கை விறைச்சுப் போகும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். மாமி பைதான் தூக்கமாட்டா, பூச்சட்டி எண்டால் தூக்குவா. வேர் அழுகுது, சட்டி மாத்தவேணும் எண்டு பொய் சொன்னன். பிடிக்கப் போனா ஏசுறா மச்சாள். விழுந்திடுவாவோ எண்ட பயத்திலை, தேத்தண்ணி குடிக்கிற மாதிரிப் பக்கத்திலை இருக்கிறன்.”

கோப்பையில் ஆடை படர்ந்திருந்தது. ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

“அம்மாவின்ரை மண்ணைக் கொட்டிப்போட்டீரோ?”

“ஐயோ, கொட்டுவனே! உள்ளுக்கை மூலையிலை கடைசியாக் கிடக்கிற மண்சட்டியைப் பாருங்கோ. தனி நமுனுகுல மண். நானே மூச்சுப் பிடிச்சுத்தான் தூக்கோணும். அதைத் தூக்கிற அண்டைக்கு மாமியின்ரை கை சரி. தயவுசெய்து அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சா ஒண்டையும் தொடமாட்டா.”

கம்சலா புதிதாகத் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.

ஜெயமலருக்கு வெட்கமாயிருந்தது. ஸ்டாஃப் ரூமை நினைக்க இன்னும் வெட்கம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

வடிவம்மா மூலையில் அந்த மண்சட்டியின் விளிம்பை வலது கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, வெலிமடைக்கு…”

“நான் வரேல்லை பிள்ளை. இன்னும் இது ஒண்டு கிடக்கு.”

வடிவம்மா குசினிப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மகளின் காதருகே குனிந்தாள்.

“இவ்வளவு காலமாச் சட்டி தூக்கினவளுக்கு, எதுக்குள்ளை எவ்வளவு மணல் எண்டு தெரியாதோ? நான் குளிக்கப் போற நேரம் பாத்து ஒளிச்சு ஒளிச்சுக் கலக்கிறாள். எனக்குத் தெரியும் எண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதை. பாவம், ஆசை ஆசையாக் கலக்கிறவள்.”