முதல் வாரம் குரல் மட்டும்

“இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் குரல் மட்டும் வேலைக்குப் போயிருக்கு. ஆளு வீட்லதான் இருக்காரு” என்று ஜெசிந்தா மாடி மாடியாக ஏறிப் பெருமையடித்தாள். பதினெட்டு வீடும் சிரித்த சிரிப்பில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியே எகிறி விழுந்தது.

ஃபிரிட்ஜ் கம்பெனியில் புகார் கேட்டுக் கேட்டே ஓய்ந்து விழுந்த அற்புதராஜ், ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். ஒரேயடியாகத் திரும்பினால் தாங்கமாட்டார், முதல் வாரம் குரல் மட்டும் வரட்டும், பகல் பன்னிரண்டுக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம் என்று கம்பெனி பரிவாகச் சொல்லியிருந்தது.

மணி இரண்டாகியும் குரல் வரவில்லை. அற்புதராஜ் சோற்றுத் தட்டின் முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடினார். ஜெசிந்தாவின் பெருமையெல்லாம் வடிந்துவிட்டது.

“அண்ணன் நடிக்கான் மதினி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவும் இதே கூத்துதான்” என்று அவர் தங்கை பிலோமினா கம்பெனிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“வணக்கம், அற்புதராஜ் பேசுறேன். என்ன புகார்?” ஆறு மாதமாக வீட்டில் யாரும் கேட்டிராத உற்சாகத்தில் குரல் கணீரென்று வந்தது.

“அண்ணே, பிலோமினா பேசுதேன். வீட்டுக்கு வா.”

“எந்த மாடல் மேடம்?”

அண்ணன் குரல் வீடு திரும்பவில்லை என்று பிலோமினா தட்டுத்தடுமாறிச் சொன்னாள். குரல் பொறுமையாகக் குறித்துக்கொண்டது. “கவலைப்படாதீங்க. ஏழு நாள்ல சரிபண்ணிருவோம்.”

எதிரே, அந்த ‘ஏழு நாளை’ ஆயிரம் பேருக்குச் சொல்லி ஏமாற்றியிருந்த அற்புதராஜ் கண்ணில் நீர் வழிய, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார்.

பிலோமினா போனை வைத்தாள்.

“நீங்க சொன்னது நெசந்தான் மதினி. அது அண்ணனேதான். ஆனா அதுக்கு நம்மளத்தான் தெரியல.”