மூன்று நாற்காலிகள்

“வலது பக்க நாற்காலி. அங்கதான் உட்கார்ந்திருக்கா,” என்று டெய்லர் கையை நீட்டினார்.

“இதுவும் சரி சார். இன்னைக்கு ஒண்ணுகூடத் தப்பல,” என்றாள் சோதனை நடத்தும் பெண். முகக்கவசத்தையும் தாண்டி அவள் குரலில் பூரிப்பு கேட்டது.

டெய்லருக்கு உடம்பெல்லாம் கூசியது. போன பார்வையைத் திரும்பக் கொண்டுவரக் கண்ணுக்குள் வைத்த சிப்பும், மூக்கின்மேல் ஏற்றிய கேமரா கண்ணாடியும் சேர்ந்து அவருக்குக் காட்டியது வெறும் சாம்பல் மூட்டம். மூன்று நாற்காலிகளில் மனைவி எதில் இருக்கிறாள் என்று கண்டுபிடித்தது அவருடைய மூக்குதான்.

முதல் சோதனையில் எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னார். வீட்டுக்குப் போய்ச் சோறு தண்ணி இல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். மனைவி கெஞ்சிக் கூத்தாடித்தான் எழுப்பினாள்.

அடுத்த முறை அவளுக்குத் தலைவலி வந்தது. பஸ்ஸில் அலைகிற அலைச்சல், வேறென்ன. அதிலிருந்து சோதனை நாளானால் நெற்றி நிறையத் தைலத்தோடுதான் வருவாள். இவர் கேமராவைத் திருப்புகிற சாக்கில் தலையை இடமும் வலமும் ஆட்டி மோப்பம் பிடிப்பார். உண்மை தெரிந்தால் பாவம், உடைந்துபோவாள் என்று வாயைத் திறக்கவில்லை.

“தலைவலி இன்னும் விடலையாம்மா? மாத்திரை தரட்டுமா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“வேண்டாம்மா, தைலமே போதும்,” என்றாள் மனைவி அவசரமாக.

மனைவி தோளைப் பற்றி அவரை வராந்தாவுக்கு அழைத்து வந்ததும் ஓர் இளைஞன் டெய்லரின் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, எங்க அக்காவுக்கும் இதே ஆபரேஷன் பண்ணலாங்கறாங்க. பயப்படறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஒத்துக்குவா.”

“நெஜமாவே தெரியுதாண்ணே?” பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய பெண்குரல் கேட்டது.

தன்னோடு போகிற பொய் என்றுதான் டெய்லர் நினைத்திருந்தார். அது இன்னொருத்தியின் கண்ணில் கத்தி வைக்கப் பார்க்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இல்லம்மா. எனக்கு ஒண்ணுமே தெரியல. என் வீட்டுக்காரியோட தைல வாசனையை வச்சுத்தான் சொன்னேன். அத்தனையும் ஏமாத்து.”

சோதனை நடத்தும் பெண் அருகில் வந்து நின்றாள். “அம்மா, இது உங்களுக்குத் தெரியுமா?”

டெய்லர் பதறிப்போய்க் குறுக்கே புகுந்தார். “அவளை ஒண்ணும் கேக்காதீங்கம்மா. தலைவலி தாங்காமப் பூசிக்கிட்டா. நான்தான் அதை வச்சு எல்லாரையும் முட்டாளாக்கினேன்.”

அவர் தோளைப் பற்றியிருந்த கை மெல்ல விலகியது.

“எனக்குத் தலைவலியே கிடையாதுங்க,” என்றாள் மனைவி.