கழுவிய கை

அண்ணன் மகளின் காதுகுத்துப் பந்தியில் இந்துஜா சோற்று வாளியோடு வந்ததும், குருவம்மா அத்தை தன் இலையைக் கையால் மறைத்தாள். "கண்டவன் மூத்திரத்தையும் பீயையும் அள்ளுற கையி. அந்தப் படிப்ப விட்டுட்டு வா, வாங்கிக்கிறேன்." நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிற இந்துஜா, வாளியை அத்தையின் இலைக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டு நேரே குழாயடிக்குப் போனாள். சோப்பை நுரைத்து உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று வார்டில் கழுவுவது போலவே கழுவினாள். அவசரப்படவில்லை. "போதும் வாடி, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் அம்மா. "பாக்கட்டும்." பந்தி முழுக்க வெறும் இலைகளோடு காத்திருந்தது. கைகளைத் துடைக்காமல், முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி திரும்பி வந்தாள். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "என் கை இந்தா இருக்கு அத்தை. சாப்பிடப் போற உங்க கையக் காட்டுங்க." அத்தை வலக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் தன் உள்ளங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து குழாயடிக்கு நடந்தார்.