பாயில் ஒரு ஜன்னல்

“என் அறைக்குள்ள பெயிண்ட் தின்னர் வந்ததே இல்லை சார். வேற யாரையாவது கேளுங்க.”

பாய்மரப் படகு கிளப்பின் பாய் அறையைப் பார்த்துக்கொள்பவர் நாற்காலியில் உட்காராமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கிளப்பில் அவருக்கு ‘சுருட்டு’ என்று பெயர். பீடி, சிகரெட் எதுவும் தொடமாட்டார். யார் பாயை மடித்தாலும் “மடிக்காதீங்க, ஜன்னல் கீறல் விடும். சுருட்டுங்க” என்று பின்னாலேயே வருவார், அதனால்.

கமிட்டி மேசை மேல் ஒரு சின்னப் படகின் பாய் விரித்துக் கிடந்தது. அதன் கீழ்ப்பகுதியில் ஒரு முழ நீளத்துக்குத் தைத்திருந்த பிளாஸ்டிக் ஜன்னல் பாலாடை படிந்த மாதிரி வெளுத்திருந்தது. பாய் மறைக்கிற பக்கத்தை அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஞாயிறு காலைப் பந்தயத்தில் அந்தப் படகை ஓட்டிய பல் டாக்டர் பார்த்தார், எதுவும் தெரியவில்லை. படகுத்துறையின் மரத்தூணில் மோதி, அவருடைய வலது மணிக்கட்டு மூன்று இடத்தில் முறிந்துவிட்டது.

பல் டாக்டருக்கு வலது கைதான் தொழில்.

“கிளம்பும்போதே டாக்டர் கவனிச்சிருக்கலாமே?” என்றார் பொருளாளர்.

“பனி ஈரம், வெயில் ஏறினா போயிடும்னு நினைச்சாராம்” என்றார் செயலாளர். “சுருட்டு, தின்னர் மாதிரி ஏதாவது பட்டாத்தான் ஜன்னல் இப்படி ஆகும்னு நீங்கதானே எங்களுக்கே சொல்லிக் கொடுத்தீங்க?”

“ஆமா. நல்ல தண்ணி, மெத்துனு ஒரு துணி. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. இதைச் சொல்லாம ஒரு உறுப்பினருக்கும் நான் பாயை எடுத்துக் கொடுத்ததில்லை.”

“சொல்றவங்க எல்லாம் செய்றாங்களா என்ன? எங்க வீட்டுல சர்க்கரையே கூடாதுன்னு சொல்றது நான்தான்” என்றார் பொருளாளர், பிஸ்கட்டைக் கடித்தபடி.

யாரோ சிரித்தார்கள். டாக்டரின் மனைவி சிரிக்கவில்லை. எழுந்தார்.

“நான் உறுப்பினர் இல்லை. பேசலாமா?”

“சொல்லுங்கம்மா.”

“சனிக்கிழமை சாயங்காலம் அவர் கயிறு மாத்திட்டு இருந்தாரு. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜன்னல்ல ஒரு தார்ப்பொட்டு. மறுநாள் பந்தயமாச்சேன்னு நானே துடைச்சு எடுத்தேன். பளிங்கு மாதிரி இருந்துச்சு. உடனே நடுவுல துணி வெச்சுச் சுருட்டி, இவர் கையிலதான் கொடுத்தேன்.” சுருட்டை நோக்கி விரலை நீட்டினார். “காலைல எடுக்கிற வரைக்கும் அது இவர் அறையிலதான் இருந்துச்சு.”

போன வாரம் வரை டாக்டரின் மனைவிக்குச் சுருட்டு ‘அண்ணா’.

சுருட்டு அந்த விரலைப் பார்த்தார். குனிந்து ஜன்னலைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

“பதில் சொல்லுங்க” என்றார் செயலாளர்.

“நான்தான் சார்.”

பொருளாளர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

“அம்மா கொடுத்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் பளபளப்பு வரட்டும்னு நான்தான் தின்னர் போட்டேன்.”

“அப்போ இவ்வளவு நேரம் இல்லவே இல்லைன்னு சாதிச்சீங்களே?”

“பயம்.”

“இருபது வருஷமா ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த ஆள்” என்றார் பொருளாளர்.

டாக்டரின் மனைவி அவர் பக்கம் திரும்பினார். “அவரு இனிமே கருவி பிடிப்பாரான்னு தெரியாம நான் ஆஸ்பத்திரியில தவிச்சுட்டு வர்றேன். நீங்க இங்க நின்னு பொய் சொல்லிட்டு இருந்திருக்கீங்க.”

“தப்புதாம்மா.”

ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. இன்றோடு வேலை இல்லை. யாரும் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை.

சாவியை வாங்கிக்கொள்ளச் செயலாளர் பாய் அறைக்குப் போனபோது, சுருட்டு அந்த ஜன்னலைத் தையல் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார்.

“அதை விடுங்க. புதுசா வர்ற ஆள் பார்த்துக்குவாரு.”

“பாயை அவர் பார்த்துக்கட்டும். இந்தத் துண்டை மட்டும் நான் எடுத்துட்டுப் போறேன் சார்.”

“எதுக்கு? வீட்டுல கேட்டா காட்டவா?”

“வீட்டுல முட்டிவலி, நானே நின்னுட்டேன்னு சொல்லிக்குவேன்.”

செயலாளர் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெளுப்புக்குள் துணி போன தடம் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. ஓரத்துத் தையல் துளைகளில் மெல்லிய ரோஸ் நிறம் ஒட்டியிருந்தது.

“தின்னருக்கு நிறம் கிடையாதே. இது என்ன?”

சுருட்டு ஊசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

செயலாளர் அந்தத் துளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “நெயில் பாலிஷ். அந்தம்மா தார்ப்பொட்டை ரிமூவரால துடைச்சிருக்காங்க. அவங்க நகத்துல இருந்ததும் சேர்ந்து கரைஞ்சிருக்கு. விரலை நீட்டினப்போ அந்தப் பாதி அழிஞ்ச நகத்தைத்தான் பார்த்தீங்களா?”

“அது பிளாஸ்டிக்கைத் தின்னுடும் சார். ஈரத்துல பளிங்கு மாதிரி காட்டும், காய்ஞ்சாத்தான் வெளுக்கும். பாவம், அவங்க உறுப்பினர் இல்லை. யாரும் சொல்லலை.”

“வாங்க. கமிட்டி இன்னும் கலையலை. இதைக் காட்டினா உங்க வேலை நிலைக்கும்.”

சுருட்டு ஜன்னல் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சாவியை அவர் கையில் வைத்தார்.

“டாக்டர் கை ஆறு மாசத்துல கூடிடும் சார். அதை உடைச்சது தன் கைதான்னு தெரிஞ்சா, அந்தம்மாவுக்கு எங்கே கட்டுப் போடுவீங்க?”